பனிச்சாலையில் பின்சக்கர கார்: பல குளிர்காலங்களின் அனுபவம்

பனி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு பின்சக்கர இயக்கக் கார், அதாவது இன்ஜின் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் கார் வைத்திருக்கிறேன் என்றால் உடனே ஒரு கேள்வி வரும். "குளிர்காலத்துக்கு வேற வண்டி வச்சிருக்கீங்களா?" இல்லை. வருஷம் முழுக்க அதே ஒரு செடான்தான். வேலைக்குப் போவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, நெடுஞ்சாலையில் தொலைதூரம் போய்வருவது எல்லாம் அதில்தான். இப்படிப்பட்ட காரை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, முதல் பனி விழுந்ததும் சாவியைத் தொடவே யோசிக்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயப்பட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலோர் பயப்படுவது வேறு இடத்தில்.

எல்லோருக்கும் பயம் ஆக்ஸிலரேட்டர் மேல். அழுத்தினால் பின்பக்கம் வழுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மைதான், வழுக்கும். ஆனால் அழுத்தும்போது நாம் விழிப்பாக இருக்கிறோம், ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அழுத்துகிறோம். வளைவில் பயந்துபோய்க் காலை வெடுக்கென்று எடுக்கும்போதுதான் வண்டி நம்மை ஏமாற்றித் திரும்பிவிடுகிறது. பின்சக்கர காரில் பனியில் பழக வேண்டிய முதல் வித்தை, காலை மெதுவாக எடுப்பது. அதற்கு வருவதற்கு முன் டயரைப் பற்றிப் பேசியாக வேண்டும். டயர் சரியில்லை என்றால் கால் எவ்வளவு பழகியிருந்தாலும் பயனில்லை.

வெயில்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். இறுகிய ரப்பர் சாலையின் நுணுக்கமான மேடுபள்ளங்களுக்குள் இறங்காது, அதனால் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். வண்டி நகரும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கவ்வும். வாங்கும்போது டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள மலையின் கோட்டுப்படமும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் இருக்க வேண்டும். அந்தச் சின்னம் இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று அர்த்தம். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அதற்கு அப்படி ஒரு சோதனை கட்டாயம் இல்லை.

நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். "இழுக்கிற சக்கரம் பின்னாடிதானே, பின்னாடி ரெண்டுக்கு மட்டும் போட்டா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிளம்புவதற்கு அது போதும். ஆனால் ஸ்டீயரிங்கும், பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தின் வேலை. முன்னால் வெயில்கால டயர் என்றால், வண்டி அழகாகக் கிளம்பி, திருப்பவும் நிறுத்தவும் முடியாமல் நேரே போகும். கிளம்ப முடியாத வண்டியைவிட ஆபத்தானது இது.

டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் அந்த டயரைப் பனிக்கு நம்பாதீர்கள். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது என்றாலும் பனிக்கு அது போதவே போதாது. காற்றையும் பாருங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி சூடுள்ள பட்டறையில் சரியாக நிரப்பிய டயர், மைனஸ் 15 டிகிரி காலையில் 6 பிஎஸ்ஐ குறைவாக நிற்கும். நான் டயரை வெளியே, வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில்தான் அளக்கிறேன். இன்னொன்று, அகலமான டயர் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் பனியில் குறுகிய டயர்தான் நல்லது. அது பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். கார் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுகளில் குறுகியதைத்தான் நான் குளிர்காலத்துக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது வண்டிக்கு வருவோம். முன்சக்கர இயக்கக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வண்டி எடையில் 60 சதவீதம் போல முன்னால் இருக்கும். பின்சக்கர காரில் நல்ல வடிவமைப்பு என்றால் பாதிக்குப் பாதி. காலி பிக்கப் வண்டி என்றால் பின்னால் அதைவிடக் குறைவு. தள்ளுகிற சக்கரத்தின் மேல் எடை குறைவாக இருப்பதால் கிளம்பும்போது சுற்றுகிறது. பிரச்சினையின் ஒரு பாதி அவ்வளவுதான்.

மறுபாதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் ஓர் அளவுதான். முன்னோக்கித் தள்ளவும், பக்கவாட்டில் நழுவாமல் நிற்கவும் அதே அளவிலிருந்துதான் செலவாகும். சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்தால் முழுப் பிடிமானமும் அதிலேயே போய்விடும், பக்கவாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் சுற்றுகிற பின்சக்கரம் சாலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வழுக்குகிறது. மழைநீர் வடிவதற்காக எல்லாச் சாலையும் ஓரமாகக் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். சிக்னலில் கிளம்பும்போது பின்பக்கம் ஓரத்தை நோக்கி இறங்குவது இதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம். சாதாரண டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரம் சுற்றும், மற்றது நிற்கும். நிற்கிற சக்கரம் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துவைத்திருக்கும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் இரண்டும் சேர்ந்து தள்ளும், சிக்கிய இடத்திலிருந்து வெளியே வர அருமையான உதவி. ஆனால் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து சுற்றும், பின்பக்கம் முழுதாக நழுவும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுவது நல்லது.

கிளம்பும்போது நான் செய்வது எளிது. முன்சக்கரத்தை நேராக வைத்துக்கொள்வேன். மேனுவல் என்றால் இரண்டாம் கியர், கிளட்சை மெல்ல விடுவது, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும். ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்னோ மோட் இருந்தால் அதைப் போடலாம், பல வண்டிகளில் அதுவும் இரண்டாம் கியரில்தான் கிளப்பும். சுற்ற ஆரம்பித்தால் உடனே மெதுவாகத் தளர்த்த வேண்டும். சுற்றவிட்டால் டயருக்கு அடியில் பனி உருகி, பளபளவென்று ஐஸாகிவிடும். அப்புறம் அதே இடத்தில் எவ்வளவு முயன்றாலும் நகராது. சிக்னலில் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போன இடம் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதைப் பார்த்தால் நான் ஒரு கார் நீளம் பின்னாலேயே, பனி இன்னும் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன்.

சக்கரம் சும்மா சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை எப்போதும் போட்டே வைத்திருங்கள், ஒரே ஒரு சமயம் தவிர. ஆழமான பனியில் சிக்கிக்கொண்டால், சக்கரம் சுற்றுகிறதே என்று அது இன்ஜின் சக்தியை வெட்டிவிடும், வண்டி அசையாது. அப்போது மட்டும் அணைத்துவிட்டு, முன்னே பின்னே மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே எடுத்து, உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும்.

சரி, காலை எடுக்கும் விஷயம். தெரிந்த தம்பி ஒருவர் பழைய மேனுவல் பின்சக்கர கார் வாங்கியிருந்தார். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் வசதி எதுவும் அதில் கிடையாது. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய கார்களிலும் அந்த இஎஸ்சி கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்குக் கம்பமோ ஓரக்கல்லோ இல்லாத காலி வாகன நிறுத்துமிடம் ஒன்றில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிக்கு 25 கி.மீ. வேகம், இரண்டாம் கியர், பெரிய வட்டமாக ஓட்டச் சொன்னேன். நன்றாகவே ஓட்டினார். "இப்ப காலைச் சட்டுனு எடுங்க" என்றேன். எடுத்தார். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த கணம் முதுகுக்குப் பின்னால் யாரோ தள்ளியதுபோல் வண்டி சுழன்று, நாங்கள் வந்த திசையைப் பார்த்து நின்றது.

"அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணலையே! காலைத்தானே எடுத்தேன்?"

"எடுத்ததுதான் தம்பி விஷயம்."

காரணம் இதுதான். காலை எடுத்ததும் இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். பின்சக்கர காரில் அந்த இன்ஜின் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். அதே நொடியில் எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் லேசாகிவிடும். ஏற்கெனவே வளைவுக்காகப் பிடிமானத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கும் டயர் அதற்கு மேல் தாங்காது. இறக்கத்தில் கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டாலும் இதேதான். பின்னால் மட்டும் ஹேண்ட் பிரேக் இழுத்ததற்குச் சமம். கியர் குறைக்க வேண்டும் என்றால், கிளட்சை விடுமுன் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தட்டி இன்ஜின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் மெதுவாக விட வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே, நேர்சாலையிலேயே வேகத்தையும் கியரையும் குறைத்து முடித்துவிடுவது அதைவிட நல்லது. வளைவுக்குள் கால் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

பின்சக்கர எலக்ட்ரிக் கார்களில் இது இன்னும் முக்கியம். காலை எடுத்ததும் மோட்டார் மின்சாரம் திரும்ப உற்பத்தி செய்துகொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதுவும் பின்சக்கரத்தை மட்டும். ஐஸ் மேல் அந்த ரீஜென் அளவை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் காரில் டிராக்ஷன் கன்ட்ரோல் மிக வேகமாக வேலை செய்யும், பேட்டரியின் எடையும் அடியில் பரவியிருக்கும், அதனால் கிளம்பும்போது ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகக் கிளம்பும். அந்தச் சுகத்தில் மற்றதை மறந்துவிடக் கூடாது.

பின்பக்கம் வழுக்கிவிட்டால்? கண் முதலில். எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள், மோதிவிடுவோமோ என்று நினைக்கிற மரத்தைப் பார்க்காதீர்கள். கை கண்ணின் பின்னாலேயே போகும். பின்பக்கம் வலது பக்கம் நழுவினால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். காலை மெதுவாகத் தளர்த்துங்கள், மேனுவலில் கிளட்சை முழுதாக அழுத்திவிட்டால் பின்சக்கரம் சுதந்திரமாக உருண்டு தானே பிடியைத் தேடிக்கொள்ளும். பிரேக்கைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். தம்பி நாலைந்து சுற்றில் இதைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடுத்து வருவதுதான் கஷ்டம். பின்சக்கரம் பிடி கிடைத்துத் திரும்பி வரும்போது, திருப்பி வைத்த ஸ்டீயரிங்கை அதே வேகத்தில் நேராக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வண்டி ஊஞ்சல் மாதிரி மறுபக்கம் வீசும், முதல் வழுக்கலைவிட வேகமாக. சாலையில் வண்டியைப் பள்ளத்தில் தள்ளுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீச்சுதான். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கை பழக வேண்டும். அதற்குக் காலி இடமும் ஒரு சனிக்கிழமை காலையும் போதும். இஎஸ்சி உள்ள வண்டியில் அதுவே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் போட்டு இதைச் சமாளிக்கும். நாம் செய்ய வேண்டியது போக வேண்டிய திசையில் ஸ்டீயரிங்கை வைத்திருப்பது மட்டும்.

நிறுத்துவதில் எந்த இயக்கமும் யாருக்கும் உதவாது. நான்கு சக்கர இயக்கம் வைத்திருப்பவர் வேகமாகக் கிளம்புவார், ஆனால் அதே டயர் என்றால் நின்றுவிடுகிற தூரம் நமக்கும் அவருக்கும் ஒன்றுதான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் அழுத்திய பிறகு 12 மீட்டர் போலப் போய் நிற்கும். இறுகிய பனியில் 50 மீட்டர் ஆகும். ஐஸில் 100 மீட்டரை நெருங்கும். உராய்வு அவ்வளவு குறைகிறது. வேகத்தை 30 ஆக்கினால் ஐஸிலும் 35 மீட்டரில் நிற்கும். ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி இருந்தால் பிரேக்கை அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். பாதத்துக்கு அடியில் கடகடவென்று துடிக்கும், அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம், காலை எடுக்காதீர்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் பின்சக்கர காரில் ஒரு விசேஷம் உண்டு. ஐஸில் மெதுவாக நிற்கப் போகும்போது முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆனால் பின்சக்கரத்தை இன்ஜின் ஐடிலிலேயே, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே, தள்ளிக்கொண்டிருக்கும். வண்டி பூட்டிய முன்சக்கரத்தோடு முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். கடைசிச் சில மீட்டரில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் உடனே வித்தியாசம் தெரியும். குளிர்ந்த இன்ஜின் ஐடிலில் வேகமாகச் சுற்றும் காலை நேரத்தில் இது ரொம்பவே உதவும். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைப் பனியில் போடவே கூடாது. நமக்குத் தெரியாமல் ஏற்றத்தில் அது ஆக்ஸிலரேட்டரை அழுத்தும், அது போவதும் பின்சக்கரத்துக்குத்தான்.

டிக்கியில் மணல் மூட்டை வைப்பது பற்றிப் பலவிதமாகச் சொல்வார்கள். காலி பிக்கப்புக்கு நிச்சயம் பலன் உண்டு. பாதிக்குப் பாதி எடை உள்ள செடானுக்கு நல்ல டயர் இருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. வைப்பதென்றால் பின் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். அச்சைத் தாண்டி கடைக்கோடியில் வைத்தால் முன்பக்கத்தைத் தூக்கிவிடும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பின்பக்கம் ஒருமுறை வீச ஆரம்பித்தால் நிறுத்துவதும் கடினம். மூட்டையைக் கட்டிவையுங்கள், மோதலில் அது நம் முதுகைத்தான் தேடி வரும். நான் ஒரே ஒரு சிறு பை மணல் வைத்திருக்கிறேன், எடைக்காக இல்லை, சிக்கினால் சக்கரத்தின் அடியில் தூவ. கூடவே ஒரு மடக்கு மண்வாரி, போர்வை, கையுறை.

சங்கிலி கட்ட வேண்டிய மலைப்பாதை என்றால், தள்ளுகிற சக்கரத்துக்கு, அதாவது நமக்குப் பின்சக்கரத்துக்குக் கட்ட வேண்டும். வேகம் பொதுவாக 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏற்றத்தில் எடை கொஞ்சம் பின்னுக்குச் சாய்வதால் பின்சக்கர கார் சங்கிலியோடு நன்றாகவே ஏறும். இறங்கும்போது கவனம் வேண்டும், முன்சக்கரத்தில் சங்கிலி இல்லை, திருப்புவது அதுதான். வீட்டு வாசலில் ஒருமுறையாவது கட்டிப் பழகுங்கள். இருட்டில், காற்றில், விரல் மரத்துப்போன நிலையில் முதல் தடவை கட்டுவது பெரிய வேதனை.

சாலையைப் படிப்பதும் பழக்கத்தில் வருவதுதான். பாலங்கள் அடியிலும் காற்று படுவதால் முதலில் உறையும். வெயில் படும் சாலையிலிருந்து மரநிழலுக்குள் நுழையும் இடத்தில் கவனம் தேவை. பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலைதான் மிக மோசம், ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். மைனஸ் 20இல் ஐஸ் அதைவிட நன்றாகவே பிடிக்கும். ஈரமாகத் தெரிகிற சாலையில் டயர் சத்தம் திடீரென்று அடங்கி, ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டால், கீழே இருப்பது தண்ணீர் இல்லை. அந்த நேரத்தில் எதுவும் செய்யாதீர்கள். காலையும் கையையும் அப்படியே வைத்திருங்கள், அதைக் கடந்துவிடட்டும்.

பனியில் சிக்கி இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமே இல்லை. பனி விழுந்துகொண்டே இருந்தால் மறுபடி மறுபடி இறங்கிப் பார்க்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

ஈரப்பனியில் ஓட்டிவிட்டு இரவில் நிறுத்தும்போது சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் கியரிலோ பார்க்கிலோ விட்டுவிடுவேன். கேபிளில் நீர் உறைந்தால் காலையில் பின்சக்கரம் பூட்டியே இருக்கும்.

வண்டியை எடுக்காத நாட்களும் உண்டு. வண்டியின் அடிப்பாகத்தைத் தொடும் அளவுக்குப் பனி குவிந்திருந்தால், வண்டி பனியின் மேல் உட்கார்ந்துவிடும், சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. அப்போது எந்த டயரும் உதவாது. தரையில் பட்டதும் ஐஸாகிவிடும் உறைமழை பெய்யும் நாளில் குளிர்கால டயருக்குக் கூட வெறும் ஐஸ்தான் கிடைக்கும், ஆணி வைத்த டயர் அனுமதிக்கப்பட்ட இடங்களில் அவை மட்டும் ஓரளவு பிடிக்கும். அந்த நாட்களில் உப்பு லாரி போன பிறகுதான் கிளம்புகிறேன். அதிலும் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வேன். சுமார் மைனஸ் 10க்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு பெரிதாக உருக்காது. சாலை வெள்ளையாக உப்புப் பூத்துக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், சந்திப்புகளில் ஐஸ் அப்படியே இருக்கும்.